முதலில் கண், பிறகு தண்ணீர்

கடைத்தெருவில் அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. பத்துக்கண்ணன் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து இருபத்தாறு வருஷமாகக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே, மூன்றாவது மாடியில், கல் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. வருகிற கல் வைரமா, வைரம் மாதிரி வேஷம் போட்ட வேறு ஏதாவதா, மண்ணுக்குள் விளைந்ததா, மெஷினுக்குள் விளைந்ததா என்று பார்த்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். அவர் இல்லை என்று எழுதிவிட்டால் இல்லைதான். அப்புறம் யார் போய் யாரிடம் அழுதாலும் ஒன்றும் நடக்காது. அந்தக் கையெழுத்தால் இரண்டு கல்யாணங்கள் நின்றுபோயிருக்கின்றன. அதில் ஒன்றாவது நல்லதுக்குத்தான் நின்றது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்.

இப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வருஷமாக ஒரே ஒரு கல்லை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்க்கவே இல்லை. அது தினமும் அவருக்குச் சோறு போட்ட கையில்தான் இருந்தது. மிளகளவு, வெளிர்நீலம். அவர் மனைவியின் மோதிரத்தில் பதித்த கல். அவர்களுடைய மகளின் தலைமுடியில் செய்த கல்.

முடியில் கல் செய்வதா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். முடியைக் காற்றுப் படாமல் எரித்தால் கரி வரும். வைரமும் கரிதான். அந்தக் கரியை உருகிய இரும்போடு சேர்த்து, மலையைத் தூக்கி மேலே வைத்த மாதிரி அழுத்தம் கொடுத்து, செக்கச் சிவக்கும் சூட்டில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் கடைசியில் ஒரு பொட்டுக் கல் நிற்கும். இதையே தொழிலாகச் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் கணவனைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுக்கு எழுதுவார்கள். அவர் மனைவியும் எழுதினாள்.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஓர் இடத்தில் உட்காராதவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுவாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, வைரத்துக்குக் காது கேக்குமா?" என்றாள்.

"காது கேக்காது. ஆனா சத்தம் அதுக்குள்ள பறக்கும். ஒரு நொடிக்குப் பன்னண்டு கிலோமீட்டர். காத்துல ஒரு கிலோமீட்டர் போறதுக்கே மூணு நொடி ஆகும்."

வாலு விரல் விட்டு எண்ணினாள். அவளுடைய பள்ளிக்கூடம் பன்னிரண்டு கிலோமீட்டர். "அப்ப ரோடு முழுக்க வைரத்த பதிச்சுட்டா, அம்மா இங்க கத்துறது ஸ்கூல்ல எனக்கு ஒரே நொடில கேட்டுடுமா?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரோடு எதுக்குடி? நான் கத்துறது சும்மாவே கேக்கும். சாப்டு எழுந்திரு."

இன்னொரு நாள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடியே ஒப்பித்தாள். பின்னால் அம்மா புத்தகத்தை வைத்துக்கொண்டு தப்பு பார்த்தாள். பென்சிலில் இருக்கிற கரி மின்சாரத்தைக் கடத்தும், வைரம் கடத்தாது. கடத்தும், கடத்தாது. இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் மனப்பாடமாகிவிட்டது. நீலக் கல் மட்டும் கடத்துமே என்று சொல்லப் பத்துக்கண்ணன் வாயெடுத்தார். விடிந்தால் பரீட்சை. நடுவில் புகுந்து குழப்புவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டார். பரீட்சைக்கு அது போதும்தான்.

பதினைந்தாவது வயதில் வாலுவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. மருந்து ஏற்றினால் முடி கொட்டிவிடும் என்று மருத்துவர் சொன்னதும், "அது என்ன கொட்டுறது? நானே வெட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இடுப்பைத் தொட்ட பின்னலை அப்படியே கத்தரிக்கச் சொன்னாள். ரிப்பன் கட்டிய பின்னலை அம்மாவின் மடியில் போட்டு, "பத்திரமா வெச்சிரு. வந்து ஒட்டிக்கறேன்" என்றாள். அவள் வரவில்லை. நாலு மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு துணிப்பைக்குள் பின்னல் மட்டும் இருந்தது.

நிறுவனம் ஒரு கைப்பிடி முடி போதும் என்றுதான் எழுதியிருந்தது. அவர் மனைவி பின்னலை முழுசாக அனுப்பினாள். பாதியை வைத்துக்கொள்ளலாமே என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"பாதி குடுத்தா பாதிப் புள்ளதான வரும்" என்றாள் அவள்.

ஏழு மாதம் கழித்துக் கல் வந்தது. வெல்வெட் டப்பாவைத் திறந்த கையோடு லென்ஸுக்குப் போன விரலை அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். லென்ஸ் வைத்தால் அவர் கண்ணுக்குக் குறைதான் தெரியும். புள்ளி, கீறல், புகை, விரிசல் என்று தேடித் தேடி எழுதுவதுதான் அவர் சாப்பிடுகிற சோறு. சொந்த மகளிடம் போய்க் குறை தேட அவருக்கு மனசு வரவில்லை. பார்க்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தார்.

ஆனால் விளக்கைக் கொண்டுவந்தது அவர்தான். ஆய்வகத்தில் கழித்துப் போட்ட ஒரு சின்னப் புற ஊதா விளக்கு. இந்த மாதிரி அழுத்திச் செய்த நீலக் கல்லில் அந்த வெளிச்சத்தைக் காட்டிவிட்டு அணைத்தால், வாங்கிய வெளிச்சத்தைக் கல் உடனே விடாது. கொஞ்ச நேரம் வைத்திருந்து மெல்ல மெல்ல விடும். ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் மனைவியை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தி, விளக்கைக் காட்டி அணைத்தார். இருட்டில் அவள் விரலில் நீலமாக ஒரு பொட்டு எரிந்தது. அவள் மூச்சு விடவில்லை. அவர் வாய்க்குள் எண்ணினார். பதினொரு நொடியில் அடங்கியது.

"இருக்கா" என்றாள் அவள்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் சாமான் அறைக்குள் போய் வருவாள். பகலில் மோதிரத்தை வாயருகே வைத்துக்கொண்டு பேசுவாள். பால்காரன் வரவில்லை, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, உன் அப்பா இன்றைக்கும் குடையை மறந்துவிட்டார். வைரத்துக்குள் சத்தம் பறக்கும் என்று அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள் அல்லவா? நாம் சொல்வது மற்ற எல்லாவற்றையும் விடச் சீக்கிரம் உள்ளே போய்ச் சேரும் என்று அவள் நம்பினாள். பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பேச்சு வந்த பிறகுதான் அவள் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். அது பத்துக்கண்ணனுக்குத் தெரியும்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியிருந்தது. ஒரு நாள் செய்தித்தாளில் ஒரு மூலையில் செய்தி வந்தது. இதே தொழில் செய்கிற வேறு ஏதோ ஒரு நிறுவனம், வந்த முடியையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, மொத்தமாக வாங்கிய கற்களைப் பேர் போட்டு அனுப்பியிருக்கிறது, பிடித்துவிட்டார்கள். அவர் மனைவி அந்தத் துண்டைக் கத்தரித்து, அவர் காப்பி குடிக்கிற இடத்தில் வைத்தாள்.

"இது வேற கம்பெனி" என்றார்.

"பேருதான் வேற. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"வீட்டுக் கல்ல நான் பாக்கறதில்ல. அது எங்க தொழில்ல ஒரு..."

"ஊரு கல்லையெல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறீங்க. பெத்த புள்ளைய ஒரு தடவ பாக்கக் கூடாதா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பத்து நாள் மழுப்பிப் பார்த்தார். அந்தப் பத்து நாளும் அவள் சாமான் அறைக்குப் போகவில்லை, மோதிரத்தோடு பேசவும் இல்லை. தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. பதினோராவது நாள் காலையில் சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டாள். அவள் விரலில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது.

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ஆனா நெஜத்த சொல்லுங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்காக அவர் காத்திருந்தார். எல்லோரும் இறங்கிப் போனார்கள். வரவேற்பு மேசையில் ரசீது போடுகிற பெண் மட்டும் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, சாப்பிட வரல?"

"பசிக்கல. நீ போம்மா."

மோதிரத்தை வெளியே எடுத்து மேசை விளக்கின் கீழ் வைத்தார். மூன்று வருஷ மாவும் சோப்பும் எண்ணெயும் கல்லுக்கு அடியில் அடைந்து கிடந்தன. கழுவாமல் எந்தக் கருவியும் சரியாகச் சொல்லாது. கழுவுவதற்கு ஒரு தொட்டி இருந்தது. அதற்குள் இருக்கும் தண்ணீரைச் சத்தம்தான் உலுக்கும், நொடிக்கு நாற்பதாயிரம் தடவை. மனிதக் காதுக்கு எட்டாத சத்தம். நமக்குக் கேட்பதெல்லாம் ஒரு மெல்லிய சீறல்தான். அழுக்கெல்லாம் தானாக உதிர்ந்துவிடும். நல்ல கல்லை அது ஒன்றும் செய்யாது. ஆனால் கல்லுக்குள் ஏற்கெனவே ஒரு விரிசல் படுத்திருந்தால் அதைப் பிடித்து உலுக்கிவிடும். அதனால் தொட்டியில் இறக்கும் முன் கல்லை லென்ஸில் பார்த்தே ஆக வேண்டும். போன வருஷம் புதிதாக வந்த ஒருவர் அவசரத்தில் பார்க்காமல் இறக்கி ஒரு கல்லைக் கெடுத்தபோது, பத்துக்கண்ணன் ஆடித் தீர்த்துவிட்டார். தன் கையாலேயே தடித்த பேனாவில் எழுதித் தொட்டிக்கு மேலே ஒட்டினார்: முதலில் கண், பிறகு தண்ணீர்.

அந்தக் காகிதம் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. லென்ஸ் கழுத்தில் இருந்தது. எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார். கழுவிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாமே, ஒரு இரண்டு நிமிஷம் தள்ளிப் போகட்டுமே என்று தோன்றியது. அவ்வளவுதான். பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாளில் செருப்பைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வாசலில் நேரத்தைக் கடத்தியவரும் இவர்தான். மோதிரத்தைக் கூடையில் போட்டுத் தொட்டியில் இறக்கி, பொத்தானை அழுத்தினார்.

சீறல் நின்றதும் கூடையைத் தூக்கினார். மோதிரத்தில் பாதிக் கல் இருந்தது.

மீதிப் பாதி தொட்டியின் அடியில் கிடந்தது. கூடவே கடுகில் பாதி அளவுக்கு ஒரு பொடி. வேறு யாராவது செய்திருந்தால் கத்தியிருப்பார். தன்னையே பார்த்து எப்படிக் கத்துவது? நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். இடுக்கியால் மூன்று துண்டுகளையும் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். அப்புறம்தான், இனிமேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான், கல்லை மைக்ராஸ்கோப்பின் அடியில் தள்ளினார்.

உடைந்த முகத்தில் கறுப்பாக ஒரு புள்ளி பளபளத்தது. கல் விளையும்போது உள்ளே மாட்டிக்கொண்ட இரும்புத் துளி. அதிலிருந்துதான் விரிசல் ஓரம்வரை ஓடியிருந்தது. லென்ஸில் பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே மாட்டியிருக்கும். பொடியின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனார்; துள்ளி ஒட்டிக்கொண்டது. மின்சாரம் பார்க்கும் பேனாவின் முனையைப் பாதிக் கல்லில் வைத்தார். பீப் என்று கத்தியது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கைக் காட்டி அணைத்தார். இரண்டு பாதியும் தனித்தனியாக நீலமாக எரிந்தன. பதினொரு நொடி.

இரும்போடு சேர்த்து அழுத்திச் செய்த கல். போரான் என்ற தனிமம் கலந்து நீலமான கல். நிறுவனம் கடிதத்தில் என்னென்ன சொல்லியிருந்ததோ அத்தனையும் வரிக்கு வரி சரியாக இருந்தது. அந்தக் கரி முடியிலிருந்து வந்ததா அடுப்பிலிருந்து வந்ததா என்று சொல்கிற கருவி அந்த ஆய்வகத்தில் கிடையாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் வேறு யாருடைய கல்லாகவாவது இருந்து அவரிடம் வந்திருந்தால், அவர்கள் ஏமாற்றவில்லை என்று தயங்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். கல் உடைந்ததால்தான் உள்ளே இருந்ததை அவரால் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது.

ரசீதுக்காரப் பெண் சாப்பிட்டுவிட்டு வந்தாள். "என்னண்ணே, ரசீது போடாம ஒரு கல்லு ஓடுது? யாரோடது?"

"என்னோடதுதான்" என்றார்.

துண்டுகளைக் காகிதத்தில் மடித்தார். கல் மடிக்கிற காகிதத்துக்கென்று ஒரு மடிப்பு உண்டு, ஐந்து மடிப்பு, தூக்கத்தில்கூட அவர் கை தப்பாமல் மடிக்கும். அன்றைக்கு மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடித்தார்.

பேருந்தில் வரும்போது சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். அது நம் பிள்ளைதான், நான் உடைத்துவிட்டேன். இந்த இரண்டையும் ஒன்றாக எப்படிச் சொல்வது? முதலாவதைச் சொல்லி அவள் முகம் மலர்ந்து முடிவதற்குள் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதில், அது பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒரு போலிக் கல் போனதாக மட்டும் இருக்கும். அழுவாள், திட்டுவாள், நாளாக ஆக ஆறிவிடுவாள். இரண்டாம் தடவையாகப் பிள்ளை செத்தது அவளுக்குத் தெரியாமலே போய்விடும். அவளுக்காகத்தான் இந்தப் பொய் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெறும் பயம்.

அவள் கூடத்தில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்வரைக்கும் பொறுத்தாள்.

"சொல்லுங்க."

"இல்லம்மா." செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "கரண்ட் வெச்சுப் பாத்தேன். போகுது."

அவள் உதடு அசைந்தது. வைரம் கடத்தாது. அவர் அதை எதிர்பார்த்துத்தான் சொன்னார். மகள் கூடத்தில் நடந்து நடந்து ஒப்பித்த வாக்கியத்தையே எடுத்து அம்மாவை வாயடைக்க வைத்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய்த் தீர்ப்பு அதுதான். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

"அப்ப அந்த வெளிச்சம்?"

"அது எத பூசினாலும் வரும். கடிகார முள்ளுல பூசறாங்களே, அந்த மாதிரி."

காலி மோதிரத்தை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். "கல்லு எங்க?"

"லேப்ல இருக்கு. வேணுமா?"

"எனக்கு எதுக்கு அது? தூக்கிப் போடுங்க." கொஞ்ச நேரம் மோதிரத்தின் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு வருஷமா யார்கிட்ட பேசிட்டிருந்தேன் நான்?"

அவள் அழுவாள் என்று காத்திருந்தார். அவள் அழவில்லை. நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டாள்.

"அப்ப என் புள்ள முடி எங்க?"

அத்தனை ஒத்திகை பார்த்தவர் இந்தக் கேள்வியை மட்டும் யோசிக்கவில்லை. கல் பொய் என்றால் பின்னல் எங்கேயோ கிடக்க வேண்டும் அல்லவா? குப்பையிலோ சாக்கடையிலோ ஏதாவது ஒரு மூட்டையிலோ, அந்த ரிப்பனோடு.

மறுநாளிலிருந்து அவள் நிறுவனத்துக்குப் போன் போட ஆரம்பித்தாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமைசாலி. அம்மா, நீங்கள் அனுப்பியது முழுவதும் உங்கள் கல்லுக்குத்தான் போனது, எங்களிடம் பதிவு இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் மனைவி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "எவ்ளோ அழகா பொய் சொல்றா பாருங்க" என்பாள். அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று கையெழுத்துப் போடக்கூடிய ஒரே ஆள், பக்கத்தில் சட்டைப்பைக் காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் அவள் திட்டுவதை விட்டுவிட்டுக் கெஞ்சத் தொடங்கினாள். "கல்லு வேணாம்மா, எதுவும் வேணாம். தரையில கூட்டினதுல இருந்தாக்கூட பரவால்ல. ஒரு இழை இருந்தா அனுப்புங்க." பிறகு அந்தப் பெண் மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள். அதற்கப்புறம் அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

அங்கே கிடைக்காததை அவள் வீட்டில் தேடினாள். வாலுவின் சீப்பை எப்போதோ கழுவி வைத்தாயிற்று. தலையணை உறை ஏழெட்டுத் தடவை துவைத்தாயிற்று. பீரோவின் அடித்தட்டு, புத்தகப்பையின் தையல், பள்ளிக்கூட ஸ்வெட்டரின் கழுத்து என்று ஒன்றுவிடாமல் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் படுத்திருந்த கட்டிலுக்கு ஓடிவந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளமாக ஒரே ஒரு கறுப்பு முடி இருந்தது.

"ஸ்வெட்டர்ல இருந்துச்சு. நானும் அத போட்டுட்டு அழுதிருக்கேன், அதான் சந்தேகம். அவளோடதா என்னோடதா? பாத்துச் சொல்லுங்க."

அவளுடைய கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ உடைந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கட்டிலில் வைத்துப் பிரித்தார்.

"இதுதான் அவ. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். கல்லு பொய் இல்ல. அவங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சிருக்காங்க. நான்தான் பாக்காம தண்ணில போட்டு ஒடைச்சுட்டேன். உன்கிட்ட சொல்லப் பயந்துட்டேன்."

அவள் மூன்று துண்டுகளையும் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். கோபப்படுவாள், அடிப்பாள், தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று அவர் எதையெதையோ எதிர்பார்த்தார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கரண்ட் போச்சுன்னு சொன்னீங்களே."

"நீலக் கல்லுல போகும். மத்ததுலதான் போகாது. புத்தகத்துல அத எழுதறதில்ல."

"புத்தகத்துல இல்ல" என்று அவள் தலையை ஆட்டினாள், அடம்பிடிக்கிற பிள்ளையிடம் பேசுவதுபோல.

"வா, வெளக்கப் போட்டுக் காட்டறேன். ரெண்டு பாதியும் எரியுது. அதே பதினொரு நொடி."

"எத பூசினாலும் எரியும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பொய்ம்மா. நான் சொன்னேன்ல, அதான் பொய்."

"போலின்னு தெரிஞ்ச அன்னிக்குக் கோவத்துல நீங்களே ஒடைச்சிருப்பீங்க. எனக்குத் தெரியும்." அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவர் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "நான் முடியத் தேடறத பாக்க சகிக்காம இப்படிச் சொல்றீங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க. ஊரே நம்பற மனுஷன் நீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வரல, பாருங்க, கை எப்படி நடுங்குது."

இனிமேல் எந்தக் கருவியைக் காட்டினாலும் அவள் நம்பப் போவதில்லை என்று புரிந்தது. வெளிச்சத்தைப் பொய்யாக்கியதும் மின்சாரத்தைப் பொய்யாக்கியதும் அவரேதான். அவள் காகிதத்தைத் துண்டுகளோடு சேர்த்து ஓரமாக நகர்த்தி வைத்தாள், குப்பையைக் கூட்டும்போது ஒதுக்குகிற மாதிரி. பிறகு முடியை அவர் முன்னால் நீட்டினாள்.

"இதப் பாருங்க. இதுல மட்டும் நெஜத்த சொல்லுங்க."

அவர் லென்ஸை எடுத்தார். முடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணை மூடவும் இல்லை, தள்ளிப்போடவும் இல்லை. முடியின் மேல் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. வேர்ப்பக்கத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, ஒரு நூல் வெள்ளை இருந்தது. மகள் போன பிறகுதான் மனைவிக்கு மளமளவென்று நரைத்தது. மாதத்துக்கு ஒருமுறை அவர்தான் சாயம் வாங்கிவந்து தருவார்.

"என்ன?" என்றாள்.

"அவளோடதுதான்" என்றார்.

அவள் உடனே நம்பினாள். முடியைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், வெல்வெட் டப்பாவைத் தேடி எடுத்து அதற்குள் சுருட்டி வைத்தாள். "ஒரு இழைல கல்லு வராதுல்ல?" என்று கேட்டாள். வராது என்றார். "இன்னும் இருக்கும். தேடறேன். கைப்பிடி சேந்ததும் வேற நல்ல எடத்துல குடுக்கலாம். இந்தத் தடவ நீங்களே பக்கத்துல நின்னு பாத்துக்கணும்."

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் தனியாகச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். காகிதத்தைப் பிரித்து விளக்கைக் காட்டி அணைத்தார். வெளியே கூடத்தில் அவள் டப்பாவை வாயருகே வைத்து, இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவர் பதினொன்று வரை எண்ணினார்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து திரும்பியபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் இரண்டு முடி இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கழுத்திலிருந்த லென்ஸை எடுத்தார்.